கார் ஷெட்டை அம்மாவுக்கு அறையாக்குகிறேன்: மேலே வெயில், கீழே ஈரம், கையில் 3 லட்சம்

பெண்ணைக்கரை
9 மார்ச் 2025, இரவு 9.20

வணக்கம். கடலூரில் பெண்ணையாற்றுப் பக்கம் எங்கள் வீடு. படுக்கை அறைகள் எல்லாம் மாடியில். கீழே ஹாலும் சமையலறையும்தான். ஜனவரியில் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் நடுவில் அம்மா படுத்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம், சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது காருக்குள் தண்ணீர் போய்விட்டது. அதை விற்றாயிற்று. ஷெட் காலியாகக் கிடக்கிறது. அதையே அறையாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அளவு 11 அடிக்கு 19 அடி. வடக்கே வீட்டுச் சுவர், 9 இன்ச். தெற்கும் கிழக்கும் 4½ இன்ச் சுவர், இடையிடையே தூண். மேற்கே தெருவைப் பார்த்து ஷட்டர். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வீட்டுப் பக்கம் 11 அடி உயரம், தெற்கே சரிந்து 9½ அடி.

கையில் 3 லட்சம் இருக்கிறது. நான் போட்ட கணக்கு: ஏ.சி. 38,000, தெர்மோகோல் ஒட்டி ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் 30,000, சுவருக்குப் பி.வி.சி. பேனல் 35,000, டைல்ஸ் 25,000, பாத்ரூம் 70,000, ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவரும் ஜன்னலும் 60,000, வயரிங் 20,000, பெயின்ட் 15,000. மொத்தம் 2,93,000. இதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை மாடிவீடு
9 மார்ச், இரவு 10.05

தம்பி, அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். நான் 2022-இல் புதுச்சேரியில் இதே வேலையைச் செய்தேன், மகன் படிக்கிற அறைக்காக. செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஷீட்டுக்கு அடியில் பசை போட்டுத் தெர்மோகோல் ஒட்டினார்கள். அதற்குக் கீழே ஜிப்சம் போர்டு. முதல் கோடையில் பரவாயில்லை. இரண்டாவது கோடையில் ஷீட்டின் சூட்டில் பசை விட்டுப்போய், தெர்மோகோல் துண்டு துண்டாக ஜிப்சத்தின் மேல் விழுந்தது. அதைத் துளைத்து எறும்பு கூடு வைத்தது, அப்புறம் அணில் வந்தது. ராத்திரியெல்லாம் தலைக்கு மேல் கரகரவென்று சத்தம். மழைக்காலத்தில் ஒரு ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, ஜிப்சம் பானை வயிறு மாதிரி தொங்கிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். அந்த 32,000 போனது போனதுதான்.

உங்கள் கணக்கில் கூரைக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. ஃபால்ஸ் சீலிங் கூரையை மறைக்கும். அதன் சூட்டைப் பெரிதாகக் குறைக்காது.

பண்ருட்டி மேஸ்திரி
10 மார்ச், காலை 6.15

லாஸ்பேட்டை அண்ணன் சொன்னது சரி. நான் சில விஷயம் கேட்கிறேன், அளந்து சொல்லுங்கள் தம்பி.

ஒன்று, டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு நின்றது? சுவரில் கறை இருக்கும், டேப் வைத்துப் பாருங்கள். ஷெட் தரைக்கும் வீட்டு ஹால் தரைக்கும் எத்தனை இன்ச் வித்தியாசம்? ஷட்டருக்குக் கீழே கடகால் (அஸ்திவாரம்) ஓடுகிறதா, வெறும் சரிவுத் தளம்தானா? நிறைய ஷெட்டில் கார் ஏறுகிற பக்கம் கடகாலே இருக்காது. அந்தத் தளத்தின் மேல் அப்படியே சுவர் எழுப்பினால் இரண்டு மழைக்குள் இரண்டு ஓரமும் விரிசல் விடும்.

இன்னொன்று, இன்று ராத்திரி ஒரு சின்ன வேலை. ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் ஷீட் வெட்டி, ஷெட் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் ராத்திரி எடுத்துப் பாருங்கள். மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

பெண்ணைக்கரை
11 மார்ச், இரவு 8.50

மேஸ்திரி அண்ணா, எல்லாம் பார்த்தேன். வெள்ளக் கறை தரையிலிருந்து 11 இன்ச். ஹால் தரை ஷெட்டைவிட 18 இன்ச் உயரம். ஷட்டர் ஓரம் கடப்பாரையால் கொஞ்சம் தோண்டினோம்; நீங்கள் சொன்னபடியே கடகால் இல்லை, நான்கு இன்ச் தளம், அதற்குக் கீழே மண்.

பாலித்தீனை எடுத்தபோது அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அது ஒட்டியிருந்த இடத்தில் தரை சதுரமாகக் கறுத்திருந்தது. மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது! தெற்குச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது. இத்தனை நாளாக அது பழைய சுண்ணாம்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பரிடம் சூடு பார்க்கிற லேசர் கருவி வாங்கினேன். மதியம் 2 மணிக்கு வெளியே நிழலில் 34 டிகிரி. ஷெட்டுக்குள் 41. ஷீட்டின் அடிப்பக்கம் 57. அதன் கீழே நின்றால் நெற்றியில் யாரோ சட்டுவத்தைக் கிட்டே காட்டுகிற மாதிரி இருக்கிறது. அம்மாவை அங்கே படுக்க வைப்பதை நினைத்துப் பயந்துவிட்டேன்.

சுவரும் காற்றும்
11 மார்ச், இரவு 10.30

முதலியார்பேட்டையில் இருக்கிறேன். கட்டட வேலையில் 30 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த 57 டிகிரியைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் பணத்தை இழக்கிறார்கள்.

கார் ஷெட்டை அறையாக்குவது பற்றி இணையத்தில் இருக்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை பனி பெய்கிற நாட்டுக்காரர்கள் எடுத்தவை. அவர்களுக்கு உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக் கூடாது. நமக்கு வெளியே இருக்கிற சூடு உள்ளே வரக் கூடாது. அதனால் அவர்கள் செய்கிற மூன்று விஷயத்தை நாம் செய்யவே கூடாது, அல்லது மாற்றிச் செய்ய வேண்டும்.

முதலாவது, தரை. அவர்கள் தரைக்கு அடியில் தெர்மோகோல் போடுவார்கள். நமக்கு மண் குளிர்ச்சி தருகிற தோழன். கோடையில் கூரை கொதிக்கும்போதும் தரை கால் வைக்க இதமாக இருக்கும். தரைக்கு ஈரத்தடுப்பு மட்டும் போதும், வெப்பத்தடுப்பு வேண்டாம்.

இரண்டாவது, எந்தப் பக்கத்துக்குச் செலவு செய்வது என்பது. கடலூர், புதுச்சேரி எல்லாம் 12 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் தெற்குச் சுவரில் வெயில் விழுவதே அபூர்வம். கூரை காலை முதல் மாலை வரை வாங்குகிறது. அடுத்தது மேற்குச் சுவர், அப்புறம் கிழக்கு. தெற்குச் சுவரில் பேனல் அடிக்கப் போகிற காசை எடுத்துக் கூரையில் போடுங்கள்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: ஈரக்காற்று. நம் கடலோரக் காற்றில் கோடையில்கூட ஈரம் ஏராளம். 25, 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளில் பட்டாலும் அது தண்ணீராகிவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது அதனால்தான். ஏ.சி. அறையில் உள்பக்கம் பி.வி.சி. பேனலோ பிளாஸ்டிக் வால்பேப்பரோ ஒட்டினால், வெளியிலிருந்து சுவர் வழியாக வருகிற ஈரம் அந்தக் குளிர்ந்த பிளாஸ்டிக்கின் பின்முதுகில் போய் நின்றுவிடும். வெளியே வர வழி கிடையாது. ஆறு மாதத்தில் பேனலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. குளிர் நாட்டில் ஈரத்தடுப்பு உள்பக்கம், நமக்கு வெளிப்பக்கம். உள்சுவருக்குச் சாதாரணப் பூச்சும், மூச்சு விடுகிற பெயின்டும் போதும்.

கூரைக்கு வருகிறேன். 5 சென்டிமீட்டர் தெர்மோகோல், ஏறக்குறைய ஒரு மீட்டர் கனமான செங்கல் சுவர் தடுக்கிற சூட்டைத் தடுக்கும். அதே கனத்தில் பஃப், அதாவது பாலியூரித்தேன் நுரை, இன்னும் நன்றாகத் தடுக்கும். அதனால் பொருள் நல்ல பொருள்தான். லாஸ்பேட்டை நண்பர் வீட்டில் கெட்டது அதை வைத்த விதம். ஆஸ்பெஸ்டாஸை இறக்கிவிட்டு, மேலும் கீழும் தகடு, நடுவில் 50 மி.மீ. பஃப் இருக்கிற பேனலைப் போடுங்கள். அடித்தகடு வெள்ளையாகவே வரும். ஃபால்ஸ் சீலிங் தேவையில்லை. உங்கள் 30,000 அங்கேயே மிச்சம்.

சிலர் ஷீட்டுக்கு அடியில் பளபளக்கிற ஃபாயில் ஒட்டச் சொல்வார்கள். ஃபாயிலுக்குப் பக்கத்தில் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் அது வெறும் அலுமினியத் தாள்.

பண்ருட்டி மேஸ்திரி
12 மார்ச், காலை 6.40

சார் விளக்கினது எனக்கே புதுசு. ஜிப்சம் போட்டே பழகிவிட்டோம், பார்ட்டியும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆஸ்பெஸ்டாஸை இறக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள் தம்பி. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, பல வருடம் கழித்துக்கூட நோயாக வரும். ஷீட்டை நன்றாக நனைத்துவிட்டு, நட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து உடைப்பது, மிஷின் வைத்து அறுப்பது கூடவே கூடாது. அன்றைக்கு அம்மாவும் குழந்தைகளும் வீட்டில் இருக்க வேண்டாம். ஆட்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது.

ஷட்டர் இருக்கிற இடம் மேற்கு. புதுச் சுவர் எழுப்பப்போவதும் அங்கேதான். அதை 8 இன்ச் ஏ.ஏ.சி. பிளாக்கில், அதாவது உள்ளே காற்றுக் குமிழி இருக்கிற கான்கிரீட் கல்லில், எழுப்புங்கள். எடை குறைவு, சூடும் இறங்காது. ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும் கல். அதனால் கடகாலிலிருந்து தரைமட்டம் வரை ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல், அதன் மேல் சுவர் நீளத்துக்கும் கம்பி வைத்து ஒரு பெல்ட் கான்கிரீட், அதற்கு மேல்தான் ஏ.ஏ.சி. பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் வலை அடித்துப் பூச வேண்டும்.

நெய்வேலி அக்கா
12 மார்ச், மதியம் 1.10

தம்பி, எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள், நான் அம்மாவின் காலைப் பார்க்கிறேன். எங்கள் அப்பாவை நான்கு வருடம் வைத்துப் பார்த்தவள்.

18 இன்ச் வித்தியாசம் என்றால் மூன்று படி. சாய்தளம் போடுவதானால் ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். 18 இன்ச்சுக்கு 18 அடி! அறையே 19 அடிதானே. அதனால் பேசாமல் ஷெட் தரையை ஹால் மட்டத்துக்கே ஏற்றிவிடுங்கள். நடுச்சுவரில் வாசல் வெட்டினால் அம்மா வாக்கரோடு நேராக ஹாலுக்கு வரலாம், சாமி படத்துக்கு, சாப்பாட்டுக்கு, டி.வி.க்கு. வாசற்படி வைக்காதீர்கள். அரை இன்ச் விளிம்புகூட வாக்கர் காலைத் தடுக்கும். டிசம்பர் வெள்ளம் 11 இன்ச் என்றால், 18 ஏற்றினால் அதற்கும் மேலே போய்விடுகிறீர்கள்.

பாத்ரூம் கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கிற கதவென்றால், அவர் உள்ளே விழுந்துவிட்டால் உங்களால் கதவைத் தள்ளவே முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது. கதவை உடைத்துத்தான் அப்பாவைத் தூக்கினோம். பிடிமானக் கம்பியைச் செங்கல் சுவரில் பொருத்துங்கள், ஏ.ஏ.சி. பிளாக்கில் சாதாரண ஆணி நிற்காது. பாத்ரூமுக்கு மினுக்குகிற டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானதாகப் பாருங்கள்.

பெண்ணைக்கரை
12 மார்ச், இரவு 9.00

அக்கா, இது என் தலையில் ஏறவே இல்லை. நன்றி. ஆனால் தரையை 18 இன்ச் ஏற்றினால் தெற்குப் பக்கம் உயரம் 8 அடிதான் வரும். போதுமா?

சுவரும் காற்றும்
12 மார்ச், இரவு 9.45

தேசியக் கட்டட விதிப்படி, ஆட்கள் வசிக்கிற அறைக்கு 2.75 மீட்டர், அதாவது 9 அடி வேண்டும். ஏ.சி. அறைக்கு 2.4 மீட்டர், அதாவது 8 அடிக்கு ஒன்றரை இன்ச் குறைவு. உங்களுக்கு மயிரிழையில் ஒத்துப்போகிறது. ஆனால் கரன்ட் போனால் அது ஏ.சி. அறை இல்லையே. கூரையை எப்படியும் பிரிக்கிறீர்கள். சுவர் முழுக்க ஒரு வரிசை பிளாக் ஏற்றுங்கள், 8 இன்ச் கிடைக்கும். தெற்கே 8 அடி 8 இன்ச், வீட்டுப் பக்கம் 10 அடி 2 இன்ச் ஆகிவிடும். சராசரி 9 அடியைத் தாண்டும், தண்ணீர் ஓடுகிற சரிவும் மாறாது.

தரை மேடு போட 11க்கு 19க்கு ஒன்றரை அடி என்றால் 313 கன அடி, மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. கிராவல் போட்டு, அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். இடிபாட்டு மண்ணைக் கொண்டுவந்து கொட்ட விடாதீர்கள். கடற்கரைப் பக்கத்து மணல் வேண்டவே வேண்டாம். அந்த உப்பு டைல்ஸ் இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். அப்புறம் கரையான் மருந்து, கனமான பாலித்தீன் ஷீட், அதன் மேல் 4 இன்ச் கான்கிரீட். பாலித்தீன் ஓரங்களைச் சுவரில் மடித்து ஏற்ற வேண்டும். 4½ இன்ச் சுவர் மண்ணின் தள்ளலைத் தாங்காது. மேடு போடுகிற உயரத்துக்கு உள்பக்கம் இன்னொரு வரிசைக் கல் கட்டுங்கள், இரண்டுக்கும் நடுவில் தார்ப் பூச்சு.

வேலை தொடங்கும் முன் அங்கீகரித்த பிளானை எடுத்துப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தை வசிக்கிற அறையாக மாற்றினால் தளப்பரப்புக் கணக்கு மாறும், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் ஷெட் இருந்தால் சிக்கல் வரும். உரிமம் பெற்ற இன்ஜினியரிடம் காட்டி, மாநகராட்சியில் முறையாகச் செய்துவிடுங்கள். சொத்து வரியும் கொஞ்சம் ஏறும்.

தேவனாம்பட்டினம்
13 மார்ச், காலை 7.30

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் எங்கள் ஊர்ப் பக்கம்தான் கரை ஏறியது. ஷீட்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி பறந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பஃப் பேனல் எடை குறைவு, காற்று அடியில் புகுந்தால் தூக்கிவிடும். அதனால் பேனலைத் தாங்குகிற இரும்புப் பைப்புகளை ஓரத்தில் நெருக்கமாக வையுங்கள், ஸ்க்ரூவும் ஓரத்தில் அதிகம் வேண்டும். பைப் வெல்டிங் செய்கிற தகடு, சுவர் உச்சியில் போடுகிற பெல்ட் கான்கிரீட்டுக்குள் கம்பியோடு பதிந்திருக்க வேண்டும். வெளியே நீட்டுகிற தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம்.

கடற்காற்றில் சாதாரண ஸ்க்ரூ இரண்டு வருடத்தில் துரு ஒழுகும். ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், ரப்பர் வாஷரோடு. விலை கூடத்தான், ஆனால் மொத்தமே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம்தான்.

அரியாங்குப்பம் ஒயர்மேன்
13 மார்ச், இரவு 8.15

ஷெட்டில் இருக்கிற பழைய லைட் வயரில் ஏ.சி. போடவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர், லோடு கூடினால் தானாக அணைகிற 20 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச். அறை முழுதுக்கும் கரன்ட் கசிந்தால் உடனே அணைகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், ஈரமான இடம், வயசானவர். பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து 3 அடிக்கு மேல். ஒன்று கட்டிலில் படுத்தபடியே அம்மாவுக்குக் கை எட்டுகிற இடத்தில் வேண்டும், கூடவே ஒரு காலிங் பெல் சுவிட்ச். மணி மாடியில் அடிக்கட்டும்.

பஃப் பேனலுக்குள் ஓட்டை போட்டு வயர் இழுக்கக் கூடாது. பஃப் தீப்பிடிக்கிற பொருள். அடித்தகட்டில் பைப் ஓட்டி அதற்குள் இழுங்கள். பேனல் வாங்கும்போதும் தீ தாங்குகிற ரகம் கேட்டு வாங்குங்கள்.

ஏ.சி.யை 26, 27-இல் வைத்து ஃபேன் போட்டால் போதும். 2020-இலிருந்து எல்லா ஸ்டார் ஏ.சி.யும் போட்டவுடன் 24-இல்தான் நிற்கும், கையால் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வில்லியனூர் வாசகி
14 மார்ச், காலை 11.00

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஷெட்டுக்கு மேலே கான்கிரீட் தளம். அதற்கு என்ன செய்வது?

சுவரும் காற்றும்
14 மார்ச், மதியம் 12.20

உங்களுக்கு வேலை சுலபம் அம்மா. தளத்தின் மேலே செய்யுங்கள், அடியில் வேண்டாம். முதலில் ஒழுகல் அடைப்பு, அதன் மேல் 50 மி.மீ. கெட்டித் தெர்மோகோல் பலகை, அதன் மேல் கம்பிவலை வைத்துச் சரிவாகக் கான்கிரீட் பூச்சு, கடைசியில் வெள்ளை டைல்ஸ். காசு போதாதென்றால் வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்தால்கூட வித்தியாசம் தெரியும். பாசியும் தூசியும் படியப் படிய அதன் பலன் குறையும், வருடம் ஒருமுறை கழுவ வேண்டும். புதுச்சேரியில் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். மர உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்து, சுண்ணாம்பும் ஜல்லியுமாகக் கனமாகப் போட்டது. அந்தக் கனமும் அந்த உயரமும்தான் அங்கே குளிர்ச்சி.

பெண்ணைக்கரை
16 மார்ச், இரவு 10.40

நேற்றும் இன்றும் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். ஃபால்ஸ் சீலிங், சுவர்ப் பேனல் இரண்டையும் அடித்துவிட்டேன். 65,000 மிச்சம். அதற்குப் பதில் கூரை 85,000, தரை மேடு 45,000 உள்ளே வந்தன. கடகால், பெல்ட் சேர்ந்து முன்சுவரும் ஏறிவிட்டது. மொத்தம் 3,90,000. கையில் இருப்பதோ 3 லட்சம். ஏ.சி.யை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளட்டுமா? இல்லை, டைல்ஸுக்குப் பதில் சிமென்ட் தரை போட்டுவிடலாமா?

லாஸ்பேட்டை மாடிவீடு
16 மார்ச், இரவு 11.15

எதைத் தள்ளிப்போட முடியுமோ அதைத் தள்ளுங்கள் தம்பி. ஏ.சி., பெயின்ட், அலமாரி எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வரும். தரைக்கு அடியில் போடுகிற பாலித்தீனும் கூரைக்குள் இருக்கிற பஃப்பும் திரும்ப வராது. எனக்கு வேலை செய்த ஒப்பந்தக்காரர் கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் அழகாகச் செய்து காட்டி, தெரியாததில் கை வைத்துவிட்டார். அதனால் நேரில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூடுவதற்கு முன்னால்.

அப்புறம் 3,90,000 என்று எழுதினால் 3,90,000-இல் முடியாது. பழைய கட்டடத்தைத் தொட்டால் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தே வையுங்கள். அதாவது 58,500 தனியாக. அது இல்லாமல் முதல் கல்லைப் பிரிக்காதீர்கள்.

பண்ருட்டி மேஸ்திரி
17 மார்ச், காலை 6.20

மொத்தமாகக் காண்ட்ராக்ட் விடாதீர்கள். பொருள் உங்களுடையது, கூலி தனி என்று பேசுங்கள். இவ்வளவு முடிந்தால் இவ்வளவு பணம் என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் குறைவாகவே கொடுங்கள். ஷட்டரைக் கழற்றி விற்றால் இரும்பு விலை கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

பெண்ணைக்கரை
25 மே, இரவு 9.30

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். தங்கை ஒரு லட்சம் கொடுத்தாள், கூட்டுறவு சங்கத்தில் நகை வைத்து மீதி. அனுமதி வாங்கி மார்ச் கடைசியில் தொடங்கினோம், மே 17 அன்று பால் காய்ச்சி அம்மாவை உள்ளே அழைத்துப்போனோம்.

செலவை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். ஷீட் இறக்கம், ஷட்டர் கழற்றல் (விற்ற காசு போக) 9,000. தரை, கரையான் மருந்து, உள்வரிசைக் கல், கான்கிரீட் 46,000. முன்சுவர், கடகால், பெல்ட், மேல்வரிசை, பூச்சு 72,000. கூரைக்குப் பேனல், பைப், வெல்டிங், தண்ணீர்த் தொட்டிப் பைப் எல்லாம் சேர்த்து 85,000. கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்றாகப் பெரிய ஜன்னல், வாசல் கதவு 38,000. மேற்கே சின்ன ஜன்னலுக்குச் சன்ஷேடு 7,000. பாத்ரூம் 78,000. வயரிங் 27,000. டைல்ஸ் 24,000. பெயின்ட் 14,000. ஏ.சி. 36,500. மொத்தம் 4,36,500. பதினைந்து சதவீதத்தில் பன்னிரண்டு சதவீதம் கரைந்துவிட்டது. தோண்டும்போது பழைய தண்ணீர்ப் பைப் உடைந்தது, வாசல் வெட்டின இடத்தில், மேல்சுவரைத் தாங்கப் புதிதாக லிண்டல் போட வேண்டி வந்தது.

நேற்று மதியம் 2 மணிக்கு அதே லேசர் கருவியால் பார்த்தேன். வெளியே நிழலில் 39. ஏ.சி. போடாமல் அறைக்குள் 35. கூரையின் அடித்தகடு 36. பழைய ஷீட் மார்ச்சிலேயே 57 காட்டியது. மூன்று மணிக்குக் கடல்காற்று கிழக்கு ஜன்னல் வழியாக வந்ததும் அம்மா ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிவிட்டார். காலை வெறுந்தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நெய்வேலி அக்கா
25 மே, இரவு 10.00

இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது தம்பி. வாசலில் விளிம்பு வைக்கவில்லையே?

பெண்ணைக்கரை
25 மே, இரவு 10.10

இல்லை அக்கா. டைல்ஸ்காரர் வைக்கத்தான் பார்த்தார். நான் வாக்கரைக் கொண்டுவந்து உருட்டிக் காட்டினேன். எடுத்துவிட்டார்.

பெண்ணைக்கரை
2 நவம்பர், காலை 8.15

ஒரு உதவி வேண்டும். மழை தொடங்கிவிட்டது. தரையில் ஈரம் துளிகூட இல்லை. பாலித்தீன் ஒட்டியும் பார்த்துவிட்டேன், அடியில் காய்ந்து கிடக்கிறது. ஆனால் பேனலும் வீட்டுச் சுவரும் சேருகிற இடத்தில், வாசலுக்கு நேர் மேலே, கை அகலத்துக்குச் சுவர் நனைகிறது. அங்கே தகடு மடித்துச் சுவரில் ஒட்டி, மேலே சிலிக்கான் வைத்திருக்கிறார்கள்.

பண்ருட்டி மேஸ்திரி
2 நவம்பர், காலை 9.00

சிலிக்கானை நம்பக் கூடாது தம்பி, வெயிலில் விரிந்து சுருங்கிப் பிரிந்துவிடும். சுவரில் ஒரு இன்ச் ஆழத்துக்கு நீளமாகக் காடி வெட்டி, தகட்டின் விளிம்பை அதற்குள் மடித்துச் செருகி, அப்புறம் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். காடிக்கு மேலே சுவர்ப் பூச்சில் விரிசல் இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கித் தகட்டுக்குப் பின்னால் வந்துவிடும். இப்போதைக்கு அந்த இடத்தில் ஒரு தார்ப்பாயைக் கல் வைத்துப் போட்டு வையுங்கள்.

சனிக்கிழமை எனக்குக் கடலூரில் வேலை இருக்கிறது. காலையில் வந்து பார்க்கிறேன். ஏணி மட்டும் தயாராக வையுங்கள்.